நெஸ்டின் ஒளிர்ந்தால் போதுமா?

நரம்பு ஸ்டெம் செல்லின் அடையாளம் என்று பெயர் வாங்கிய ஒரு புரதம், அறிவியலாளர்களையே பலமுறை திசைமாற்றியிருக்கிறது. கொங்கு நாட்டுப் பெற்றோர் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளத் தக்க காரணம் இருக்கிறது.

கொடுமுடி, சிவகிரி வட்டாரத்துத் தோட்டங்களில் விளைகிற மஞ்சள், 2014-ஆம் ஆண்டில் மூளை பற்றிய செய்திகளில் அடிபட்டது. ஜெர்மனியின் யூலிக் நகரத்து ஆய்வாளர்கள், மஞ்சள் எண்ணெயில் உள்ள ஆர்-டர்மரோன் என்ற பொருளை எலிகளின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அங்கிருந்த நரம்பு ஸ்டெம் செல்கள் பெருகியதாக அறிவித்தார்கள். ஆய்வு நேர்மையாகச் செய்யப்பட்டது. அதன் வரம்பையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் ஆய்விதழிலிருந்து நாளிதழுக்கும் அங்கிருந்து விளம்பரத்துக்கும் செய்தி நகர்ந்தபோது எலி காணாமல் போனது, மூளைக்குள் போட்ட ஊசி காணாமல் போனது, மஞ்சள் சாப்பிட்டால் மூளை வளரும் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சியது. நரம்பு ஸ்டெம் செல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிடம் எழும் எதிர்பார்ப்பு அவ்வளவு பெரியது. மூளை வாதத்தோடு பிறந்த குழந்தை, விபத்தில் தண்டுவடம் அடிபட்ட இளைஞர், பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர் என்று ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் அந்தச் சொல்லை நம்பிக் காத்திருக்கிறார்.

அந்தச் சொல்லை ஆய்வுக்கூடத்தில் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் பரவியிருக்கிற செல்களில் எது நரம்பு ஸ்டெம் செல் என்பதை வெறும் உருவத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்தச் செல்லுக்குள் குறிப்பிட்ட சில புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அவற்றில் மிக அதிகமாகப் பயன்படுவது நெஸ்டின். செல்லுக்கு உள்ளிருந்து வடிவம் கொடுக்கும் சட்டகப் புரதங்களில் ஒன்று அது. நுண்ணோக்கியின் கீழே நெஸ்டின் ஒளிர்ந்தால் ‘நரம்பு ஸ்டெம் செல்’ என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. நெஸ்டின் ஒரு செல்லைப் பற்றிச் சொல்வது பாதித் தகவல்தான். மீதிப் பாதியை அந்தச் செல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே அறிய வேண்டும். அந்த மீதிப் பாதியைச் சோதிக்காமல் மருத்துவம் என்று விற்பதை நாம் ஏற்கக் கூடாது.

சட்டகத்தில் பிறந்த அடையாளம்

1985-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சூசன் ஹாக்ஃபீல்டும் ரான் மெக்கேயும் வளரும் எலிக் கருவின் நரம்பு மண்டலத்தைப் பிரித்தறிய குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ‘ராட்-401’ என்று எண்ணிடப்பட்ட ஒன்று, பிரிந்து பெருகிக்கொண்டிருந்த இளம் செல்களில் மட்டும் ஒட்டியது. முதிர்ந்த நரம்புச் செல்களில் ஒட்டவில்லை. அது எந்தப் புரதத்தைப் பிடித்தது என்று தேடிப் போன உர்பன் லெண்டால், லைல் சிம்மர்மன், மெக்கே ஆகிய மூவரும் 1990-இல் ‘செல்’ ஆய்விதழில் விடை சொன்னார்கள். அந்தப் புரதத்துக்கு நெஸ்டின் என்று பெயரும் வைத்தார்கள். செல்லின் சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள் ஒரு வகை. 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே 10 நானோமீட்டர் அளவில் இருப்பவை இடைநிலை இழைகள். நம் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. நெஸ்டினும் அதே குடும்பம்தான். ஆனால் உறவினர்களோடு ஒப்பிட்டால் மிக நீளமானது: விமென்டின் என்ற இழைப் புரதத்தில் 466 அமினோ அமிலங்கள், மனித நெஸ்டினில் 1,621. அதன் தலைப்பகுதி மிகக் குட்டையாக இருப்பதால் தனித்து இழையாகத் திரள முடியாது. விமென்டின் போன்ற துணையோடு சேர்ந்தே திரள்கிறது. துணை தேவைப்படும் இந்தப் புரதத்தைத்தான் பிற்காலத்தில் பலர் தனிச் சான்றாக நிறுத்தினார்கள்.

கருவின் மூளையில் நெஸ்டினுக்கு உள்ள இடம் உண்மையிலேயே முக்கியமானது. மூளையின் உட்குழியை ஒட்டி வரிசையாக நிற்கும் ஸ்டெம் செல்கள், அங்கிருந்து மூளையின் வெளிப்பரப்பு வரை நீண்ட கால்களை நீட்டுகின்றன. அந்தக் கால்களைப் பற்றிக்கொண்டுதான் புதிதாய்ப் பிறந்த நரம்புச் செல்கள் தங்கள் இடத்துக்கு ஏறிச் செல்கின்றன. அந்த நீண்ட உடல் முழுவதும் நெஸ்டின் இழை ஓடுகிறது. செல் பிரியும் வேளையில் இந்த இழை குலைந்து, பிரிந்த பின் மீண்டும் கூடுகிறது. செல் நரம்புச் செல்லாக முதிர்ந்தால் நெஸ்டின் நின்றுபோய் நரம்பிழைப் புரதங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. துணைச் செல்லாக முதிர்ந்தால் ஜி.எஃப்.ஏ.பி. என்ற வேறொரு புரதம் வருகிறது. இந்தக் கட்டமைப்பு எழும்பும் பருவத்தை மனித மூளையிலேயே விரிவாகக் காட்டும் வரைபடத் தொகுப்பு ஒன்று சென்னையிலிருந்து வெளிவந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில், கருவின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த மூளைகளின் 5,132 வெட்டுப் பகுதிகள் உயர்துல்லியப் படங்களாக உள்ளன. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான அந்தக் குழு அதை உலக ஆய்வாளர்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்டெம் செல் என்பது இடமும் காலமும் அண்டை வீட்டுச் செல்களும் சேர்ந்து உருவாக்கும் நிலை என்பதை அந்தப் படங்களின் அடுக்குகள் தெளிவாக உணர்த்துகின்றன. அந்த இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்தெடுத்த பிறகு ஒரே ஒரு புரதத்தைக் கொண்டு அந்த நிலையை மதிப்பிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு பெரிய தடுமாற்றங்கள்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆய்வாளர்கள், எலி மற்றும் மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைச் சில ரசாயனங்களில் நனைத்து நரம்புச் செல்லாக மாற்றியதாக அறிவித்தார்கள். செல்கள் சில மணி நேரத்திலேயே உருவம் மாறி, நரம்புச் செல் போலக் கிளை விட்டன. ஐந்தாம் மணி நேரத்தில் நெஸ்டின் தென்பட்டது, ஆறாம் நாளில் மறைந்தது. இளம் நரம்புச் செல் முதிர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். எளிதில் எடுக்கக்கூடிய மஜ்ஜையிலிருந்து மூளைச் செல் கிடைக்குமென்றால் அதைவிடப் பெரிய வரம் வேறில்லை என்று உலகமே மகிழ்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2004-இல், கலிபோர்னியாவின் சான் டியாகோவைச் சேர்ந்த பால் லூ, மார்க் டுசின்ஸ்கி உள்ளிட்டோர் அந்தச் சோதனையை வேறு கோணத்தில் செய்தார்கள். மஜ்ஜைச் செல்களைச் சோப்புத் தன்மையுள்ள திரவத்திலும் மிகையான உப்பிலும் கடும் அமில, காரத்திலும் வைத்தார்கள். அப்போதும் அதே ‘நரம்பு’ உருவம் வந்தது. மூளையோடு எந்த உறவும் இல்லாத தோல் செல்களும் அந்த ரசாயனத்தில் அதே உருவத்தைக் காட்டின. செல் புதிய புரதம் செய்வதையே மருந்தால் தடுத்த பிறகும் உருவம் மாறியது. நரம்பாக வளர்ந்ததாக நம்பப்பட்ட செல்கள், நச்சுச் சூழலில் சுருங்கிக்கொண்டிருந்த செல்கள்.

இரண்டாவது தடுமாற்றம் கணையத்தில் நடந்தது. 2001-இல் மெக்கேயின் ஆய்வுக்குழுவே, கருநிலை ஸ்டெம் செல்களிலிருந்து நெஸ்டின் உள்ள செல்களைத் தேர்ந்து வளர்த்து, இன்சுலின் சுரக்கும் திட்டுகளை உருவாக்கியதாக ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அதே ஆண்டில் வேறொரு குழு, மனிதக் கணையத் திட்டுகளில் நெஸ்டின் உள்ள செல்கள் இருப்பதைக் கண்டு, அவை கணையத்தின் ஸ்டெம் செல்கள் என்று முன்மொழிந்தது. சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு என்று நம்பிக்கை பெருகியது. 2003-இல் டக்ளஸ் மெல்டனின் ஆய்வகம் அந்தச் செல்களை மறுபடி ஆராய்ந்தது. செல்களில் ஒளிர்ந்த இன்சுலின், அவை வளர்க்கப்பட்ட திரவத்தில் ஏற்கெனவே கலக்கப்பட்டிருந்த இன்சுலினே என்று தெரியவந்தது. செல்கள் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தன, தாமாகச் செய்யவில்லை. நெஸ்டினைக் கண்டுபிடித்த ஆய்வாளரின் குழுவே நெஸ்டினை நம்பித் தடுமாறியது என்றால், மற்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்தத் தடுமாற்றங்களுக்கு அடிப்படையான காரணம், நெஸ்டின் மூளையின் தனிச்சொத்து அல்ல என்பது. வளரும் தசையில், சிறுநீரக வடிகட்டியின் செல்களில், மயிர்க்காலில், புதிதாக முளைக்கும் ரத்தக்குழாயில், எலும்பு மஜ்ஜையில் என்று பல இடங்களில் அது இருக்கிறது. அடிபட்ட மூளையில் முதிர்ந்த துணைச் செல்கள்கூடக் காயத்துக்கு எதிர்வினையாக நெஸ்டினை மறுபடி உருவாக்குகின்றன. மூளைக்குள்ளேயே அதன் பங்கு என்ன என்பதிலும் முரண்பாடு உண்டு. நெஸ்டின் மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்களில் நரம்பு ஸ்டெம் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் அழிகின்றன என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. மறு ஆண்டே வேறொரு குழு உருவாக்கிய நெஸ்டின் இல்லாத எலிகள் பிறந்து வளர்ந்தன. அவற்றின் மூளை இயல்பாக இருந்தது, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் குறை தெரிந்தது. பிரிதல், நகர்தல், காயத்தை ஈடுகட்டுதல் ஆகிய பரபரப்பான நிலைகளில் உள்ள பலவகைச் செல்கள் நெஸ்டினைப் பயன்படுத்துகின்றன என்ற பரந்த பொருளையே இந்தச் சான்றுகள் தாங்கும். ‘நெஸ்டின் இருக்கிறது, ஆகவே இது மூளையாக மாறும்’ என்ற முடிவை அவை தாங்கா.

ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் வாங்க வருகிறவர் மேல்நிறத்தை மட்டும் பார்த்து விலை கேட்பதில்லை. விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்கிறார், ஈரப்பதம் பார்க்கிறார், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளின் அளவைக் கேட்கிறார். மேலே பூசிய நிறம் ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை செல் மருத்துவத்திலும் வேண்டும்.

முதிர்ந்த மூளை புதுச் செல்லைப் பிறப்பிக்கிறதா?

வயது வந்த மனிதனின் மூளையில் புதிய நரம்புச் செல் பிறக்கிறதா என்ற கேள்வி இந்தச் சிக்கலின் இன்னொரு முகம். 1998-இல் பீட்டர் எரிக்சன் குழு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதுச் செல்கள் பிறப்பதாகச் சொன்னது. 2018 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அந்தப் பிறப்பு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்றது. அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மௌரா போல்ட்ரினி குழு, எழுபது வயதைத் தாண்டியவர்களிலும் பிறப்பு தொடர்கிறது என்றது. இறந்தவரின் மூளைத் திசுவை எவ்வளவு விரைவில் பதப்படுத்தினார்கள், எந்தெந்தப் புரதங்களை அடையாளமாகக் கொண்டார்கள், எதை இளம் செல் என்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியது. 2025 ஜூலையில் ஸ்டாக்ஹோமின் யோனாஸ் ஃப்ரீசன் குழு, ஒவ்வொரு செல் கருவிலும் இயங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேரப் படித்து, முதிர்ந்த மனித மூளையில் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிச் செல்கள் உண்டு என்று காட்டியது; ஆளுக்கு ஆள் அதன் அளவு பெரிதும் வேறுபடுகிறது என்றும் சொன்னது. ஒன்றிரண்டு அடையாளப் புரதங்களை வைத்து நடந்த வழக்காடல், முழு மரபணு இயக்கத்தையும் பார்த்த பிறகுதான் முன்னே நகர்ந்தது. பெரிய ஆய்வகங்களே இத்தனை ஆண்டுகள் வாதாடிய விஷயத்தை, உடலுக்கு வெளியே வளர்த்த மஜ்ஜைச் செல்லை ஊசியில் ஏற்றி உறுதியாகச் சாதிக்க முடியும் என்று ஒருவர் சொன்னால் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

ஊசிக்கு முன்னால் உள்ள கேள்விகள்

கோவை, ஈரோடு, சேலம் நகரங்களின் மருத்துவத் திறமை ஊரறிந்தது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் வட்டாரம் இது. அதனாலேயே இந்த எச்சரிக்கை நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேவைகளுக்காகச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர, மற்ற எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் முறையான அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு 2022 டிசம்பரில் கூறியது. அப்படியிருந்தும் மூளை வாதம், ஆட்டிசம், தண்டுவடக் காயம் என்று பட்டியலிட்டு ஸ்டெம் செல் ஊசியை விளம்பரப்படுத்தும் இடங்கள் நாட்டில் இருக்கின்றன. அந்த விளம்பரங்களின் அறிவியல் வேர், மஜ்ஜைச் செல் நரம்புச் செல்லாகும் என்ற அந்தப் பழைய நம்பிக்கைதான்.

வேறு வழியே இல்லாதவர் முயன்று பார்ப்பதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். இது இரக்கத்திலிருந்து பிறக்கும் கேள்வி, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கெடுதல் உண்டு. மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைப் பெற்ற ஒரு சிறுவனுக்குச் சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வந்தன. அவை கொடையாளரின் செல்களிலிருந்தே வளர்ந்தவை என்று இஸ்ரேல் மருத்துவர்கள் 2009-இல் உறுதிசெய்தார்கள். சொந்தச் செல்தானே, அதில் ஆபத்து இருக்காது என்ற அடுத்த வாதத்துக்கும் பதில் இருக்கிறது. தன் மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களையே தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு திரள் வளர்ந்து, அறுவை செய்து அகற்ற வேண்டியதாயிற்று. 2014-இல் அது ஆய்விதழில் பதிவானது. பெருகும் ஆற்றல்தான் ஸ்டெம் செல்லின் மதிப்பு, கட்டுமீறினால் அதுவே ஆபத்து. உடலுக்கு நேரும் கெடுதலோடு வீட்டுக்கு நேரும் கெடுதலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளை வாதக் குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளின் பயிற்சி மிக மதிப்புள்ளது. நிலத்தை அடமானம் வைத்து ஊசிக்குச் செலவழித்த குடும்பத்திடம் பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பணமும் மிஞ்சாது, மனமும் மிஞ்சாது.

இவ்வளவு கெடுபிடி வைத்தால் புது மருத்துவம் எப்போதுதான் வரும் என்பது இன்னொரு மறுப்பு. வருகிறது, சோதனையைத் தாண்டி வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களில் குறையுள்ள மரபணுவுக்கு மாற்றைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பில் ரத்தக்கசிவு நின்றுவிட்டது என்ற முடிவு 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. அங்கும் செல்களைத் தேர்ந்தெடுக்க ஓர் அடையாளப் புரதம் பயன்பட்டது. ஆனால் அந்தச் செல்கள் உடலுக்குள் சென்று புது ரத்தம் உருவாக்குகின்றனவா, உறைபொருளைச் சுரக்கின்றனவா என்பதை அளந்த பிறகே வெற்றி என்றார்கள். ஜப்பானின் கியோட்டோவில் பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேரின் மூளையில், கோரின் என்ற அடையாளப் புரதத்தால் பிரித்தெடுத்த முன்னோடிச் செல்களைப் பதித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, கடுமையான பக்கவிளைவு இல்லை, பதித்த செல்கள் டோபமைன் சுரக்கின்றன, ஆராயப்பட்ட ஆறு பேரில் நால்வரின் அசைவு மேம்பட்டது என்று 2025 ஏப்ரலில் எழுதினார்கள். ஏழு பேரிடம் செய்ததை ஏழு பேரிடம் செய்ததாகவே சொன்னார்கள்.

அப்படியானால் நெஸ்டின் பயனற்றதா? இல்லை. சரியாகப் பயன்படுத்தினால் அது அரிய கருவி. 2012-இல் லூயிஸ் பராடாவின் குழு, எலிகளுக்கு வரும் கொடிய மூளைப் புற்றில், நெஸ்டின் மரபணுவின் இயக்கியைக் கொண்டு அடையாளமிட்ட சிறு செல் கூட்டத்தைப் பின்தொடர்ந்தது. கீமோதெரபிக்குப் பிறகு கட்டி மறுபடி வளர்வது அந்தக் கூட்டத்திலிருந்துதான் என்று கண்டது. அந்தச் செல்களை அழித்தபோது கட்டியின் வளர்ச்சி தடைபட்டதையும் காட்டியது. அடையாளத்தோடு நிற்காமல், அடையாளமிட்ட செல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்ததால் அந்த முடிவுக்கு வலிமை கிடைத்தது. மஞ்சளுக்கும் இதே நியாயம்தான். குர்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்திருந்தும், மருந்தையும் போலி மருந்தையும் இருதரப்புக்கும் தெரியாமல் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு எதிலும் வெற்றி கிட்டவில்லை என்று 2017-இல் வேதியியலாளர்களின் விரிவான மதிப்பாய்வு சொன்னது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் தன் நிறத்தாலும் மணத்தாலும் உலகச் சந்தையில் நிற்கிறது. நிரூபிக்கப்படாத மூளைப் பெருமையை அதன் மேல் ஏற்றினால், ஒருநாள் அந்தப் பெருமை உடையும்போது நம் உழவரின் நம்பகத்தன்மையும் சேர்ந்து உடையும்.

மூலக்கூறு நுணுக்கமெல்லாம் சாமானியருக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சாமானியரிடம்தான் பணம் கேட்கப்படுகிறது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்குத்தான். ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் போதும். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? ஆய்வு என்றால் ஏன் பணம் கேட்கிறீர்கள்? இந்தச் செல் உடலுக்குள் போய் என்ன வேலை செய்தது என்பதை எந்த மனிதரிடம், எத்தனை ஆண்டுகள் அளந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘நெஸ்டின் இருக்கிறது, வேறு அடையாளங்களும் இருக்கின்றன’ என்பது விடையாகாது.

கேள்வி கேட்கும் குடும்பத்தைக் கைவிடாமல் தாங்குவது அரசின் கடமை. மாவட்டத் தலைநகர்களில் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டு பிசியோதெரபியும் சரியான தொடக்கங்கள். கொடுமுடி போன்ற சிற்றூர்களின் குழந்தைக்குப் பயிற்சியாளர் வாரம் தவறாமல் வந்து சேர்ந்தால், பொய் நம்பிக்கையை விற்பவரின் சந்தை தானாகச் சுருங்கும். கோவையின் மருத்துவக் கல்லூரிகள், அனுமதி பெறாத ஸ்டெம் செல் ஊசிகளைப் பற்றி வெளிப்படையாக எச்சரிக்க முன்வர வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வுகள் எங்கே நடக்கின்றன, யார் சேரலாம் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும். உண்மையான நரம்பு ஸ்டெம் செல் மருத்துவம் ஒருநாள் இங்கே வரும் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன. அது வரும்போது மக்கள் நம்பி ஏற்க வேண்டுமானால், வராததை வந்ததாகச் சொல்வதை இன்றே நிறுத்த வேண்டும்.